இரவு ஒரு கோப்பை: மனதைத் தளர்த்தும் மூலிகைத் தேநீரை வீட்டிலேயே போடுவது எப்படி

முதல் தடவை நான் போட்ட கெமோமில் டீ, வைக்கோலை வெந்நீரில் நனைத்தெடுத்த மாதிரி இருந்தது. இதையா இத்தனை பேர் ராத்திரி ஆசையாகக் குடிக்கிறார்கள் என்று பாதிக் கோப்பையைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். குறை பூவில் இல்லை. ஒரு சிட்டிகைப் பூவைப் போட்டு, கோப்பையைத் திறந்தபடி வைத்து, இரண்டே நிமிடத்தில் வடிகட்டியிருந்தேன். வேறொரு நாள் பூவை மூன்று மடங்காக்கி, கோப்பை மேல் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். பத்து நிமிடம் கழித்துத் தட்டைத் தூக்கினால், அதன் அடியில் முத்து முத்தாக நீர். முகர்ந்து பார்த்தேன், பழுத்த ஆப்பிள் வாசனை. முதல் தடவை அந்த வாசனை முழுக்க அடுக்களைக் காற்றோடு போயிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

மூலிகைத் தேநீர் போடுவதில் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. அளவு, மூடி, நேரம், அவ்வளவுதான். எந்த மூலிகையை எடுப்பது, யார் எதைத் தொடக்கூடாது என்பதில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதனால் போடும் முறைக்குப் போவதற்கு முன் அதைப் பேசிவிடலாம்.

எதை எதிர்பார்க்கலாம்

இது தூக்க மாத்திரை இல்லை. குடித்த அரை மணியில் கண் சொருகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கெமோமிலில் அபிஜெனின் என்ற பொருள் இருக்கிறது. சில தூக்க மருந்துகள் மூளையில் போய் ஒட்டும் அதே இடத்தில் இதுவும் ஒட்டக்கூடியது என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு கோப்பை நீரில் இறங்குவது மிகச் சின்ன அளவு. மனிதர்களிடம் செய்து பார்த்த ஆய்வுகளில் பலன் தெரிந்ததும் உண்டு, தெரியாததும் உண்டு. தூக்கத்துக்கென்றே பேர் வாங்கிய வலேரியன் வேரை எடுத்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் மருத்துவர்களுக்குச் சொன்னது.

அப்படியானால் ஏன் குடிப்பது? என் அனுபவத்தில் பலனில் பாதி, அந்த நேரத்தில் வேறு எதைக் குடிக்காமல் இருக்கிறோம் என்பதில் இருக்கிறது. 240 மில்லி வடிகட்டிய காபியில் சுமார் 95 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். அதே அளவு சாதாரணத் தேநீரில் 40 முதல் 50 வரை. பகல் முழுக்க மூளையில் சேர்ந்து சேர்ந்து தூக்கத்தை வரவழைப்பது அடினோசின் என்ற பொருள். காஃபீன் போய் அதன் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே போன காஃபீனில் பாதியை வெளியேற்றவே உடலுக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த காபியில் பாதி, இரவு 11 மணிக்கும் உங்களோடு படுக்கைக்கு வருகிறது. அந்தக் கோப்பையின் இடத்தில் காஃபீனே இல்லாத ஒன்றை வைத்தாலே ஒரு வித்தியாசம் தெரியும். மீதிப் பாதி, சூடான கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்காருவது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாள் முழுவதிலும் நாம் சும்மா உட்காரும் பத்து நிமிடம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மூலிகைத் தேநீர் என்று நாம் சொன்னாலும் இதில் தேயிலை கிடையாது. ஆனால் கடையில் 'அமைதி', 'நிம்மதி' என்றெல்லாம் பெயர் போட்டு விற்கும் கலவைகள் சிலவற்றில் கிரீன் டீயும் கலந்திருக்கும். கிரீன் டீயும் தேயிலைதான். அதிலும் காஃபீன் உண்டு. பொட்டலத்தின் முகப்பைப் பார்த்து வாங்காமல், பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

முதல் மூலிகை எது?

கெமோமிலில் தொடங்குங்கள். மென்மையானது, எளிதில் கிடைப்பது, கொஞ்சம் கூடக்குறைய ஆனாலும் மன்னித்துவிடும். நடுவில் மஞ்சள் குமிழும் சுற்றி வெள்ளை இதழுமாக இருக்கும் சின்னப் பூ இது. கிரேக்க மொழியில் 'தரை ஆப்பிள்' என்ற பொருளில் வந்த பெயர். முகர்ந்து பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பொட்டலத்தில் மெட்ரிகாரியா கெமோமில்லா என்ற தாவரப் பெயர் இருந்தால் அது ஜெர்மன் கெமோமில். தேநீருக்குப் பெரும்பாலும் விற்பது இதுதான். ரோமன் கெமோமில் என்று இன்னொன்றும் உண்டு, அது கொஞ்சம் கசக்கும்.

தமிழில் இதைச் சாமந்திப்பூ டீ என்று எழுதுவதால் ஒரு குழப்பம் வருகிறது. மாலைக்கும் அலங்காரத்துக்கும் விற்கிற சாமந்தி வேறு செடி. அதுவும் அலங்காரத்துக்காக வளர்க்கும் பூவில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்; அதைச் சாப்பிடுவதற்கென்று யாரும் வளர்ப்பதில்லை. சீமைச்சாமந்தி என்று கேளுங்கள், இல்லாவிட்டால் கெமோமில் என்றே கேளுங்கள்.

கெமோமில் ஒத்துவராதவர்களும் உண்டு. சாமந்தி, சூரியகாந்தி, பார்த்தீனியம் எல்லாம் இதன் குடும்பம். இந்தச் செடிகளின் மகரந்தம் பட்டால் தும்மல், கண் அரிப்பு என்று அவதிப்படுகிறவர்கள் கெமோமிலைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது லெமன் பாம். புதினாக் குடும்பத்துச் செடி, இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை. தேனீக்களுக்கு இதன் பூ பிடிக்கும் என்பதால் மெலிசா என்ற தாவரப் பெயர்; கிரேக்கத்தில் தேனீ என்று பொருள். காய்ந்தால் வாசனை சீக்கிரம் ஓடிவிடும். அதனால் இதை மட்டும் தொட்டியில் வளர்த்துப் பச்சையாகப் பறித்துப் போடச் சொல்வேன். புதினா வளர்த்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. சொல்லப்போனால் அடக்குவதுதான் கஷ்டம். தைராய்டுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கவும்.

பெப்பர்மின்ட் தூக்கத்துக்கானது இல்லை, வயிற்றுக்கானது. ராத்திரி வயிறு உப்பிக்கொண்டு புரண்டு படுப்பவர்களுக்கு அதில் உள்ள மென்தால் குடலின் இறுக்கத்தைத் தளர்த்தும். வயிறு அடங்கினால் தூக்கம் தானாக வரும். ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இதே குணம் எதிராகத் திரும்பும். உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவில் உள்ள வால்வும் சேர்ந்து தளர்ந்து, அமிலம் மேலே ஏறும். அடுக்களைப் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதில் மென்தால் மிகக் குறைவு, வாசனைக்கு மட்டும் போடலாம்.

லாவெண்டரை மசாலாப் பொருள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போடும் சரக்கு இல்லை. நான் ஒருமுறை வாசனை நன்றாக இருக்கிறதே என்று இரண்டு தேக்கரண்டி போட்டேன். சோப்புத் தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் லாவெண்டர் வாடையே ஆகவில்லை. ஒரு கோப்பைக்குக் கால் தேக்கரண்டி தாராளம். உணவுக்கு ஏற்றது என்று பொட்டலத்தில் இருக்க வேண்டும். அலமாரியில் தொங்கவிடும் வாசனைப் பைக்கான பூவைக் கோப்பையில் போடக்கூடாது. பாட்டிலில் வரும் லாவெண்டர் எண்ணெயை ஒரு சொட்டுகூடத் தேநீரில் விட வேண்டாம். அது பல கைப்பிடிப் பூக்களைப் பிழிந்த செறிவு, நீரில் கரையாமல் மேலே மிதந்து வாயைச் சுடும். வேறு எந்த வாசனை எண்ணெய்க்கும் இதே கதைதான்.

துளசியும் போடலாம். ஐந்தாறு இலை, கிராம்பை நினைவூட்டும் காரம். கிராம்பில் உள்ள யூஜெனால் இதிலும் இருப்பதுதான் காரணம்.

வலேரியன் வேரைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டலத்தைப் பிரித்ததும் பூசணம் பிடித்துவிட்டதோ என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். இரண்டு நாள் போட்ட காலுறை வாடைதான் அதன் இயல்பான வாடை. காய்ந்த வேரில் உண்டாகும் ஐசோவலெரிக் அமிலத்தின் வேலை. வீட்டில் பூனை இருந்தால் அது உங்களுக்கு முன்னால் பொட்டலத்தைக் கண்டுபிடித்துவிடும். சிலருக்கு இது நன்றாகவே தூக்கக் கலக்கம் தரும், சிலருக்கு மறுநாள் காலையிலும் தலை பாரமாக இருக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது முதல் மாதத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்கும்போது

டீ பேக் வசதிதான். ஆனால் அதில் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிராம்தான் இருக்கும், அதுவும் பொடியாக. பொடியானால் காற்று படும் பரப்பு கூடி, வாசனை எண்ணெய் சீக்கிரம் பறந்துவிடும். முழுப் பூவாக வாங்கினால் கண்ணால் பார்த்தே தரத்தைச் சொல்லலாம். மஞ்சள் குமிழ் மஞ்சளாகவே இருக்க வேண்டும், பழுப்பேறி இருந்தால் பழைய சரக்கு. காம்பும் குப்பையும் குறைவாக இருக்க வேண்டும். விரலால் ஒரு பூவை நசுக்கி முகருங்கள். வாசனை எழும்பாவிட்டால் கோப்பையிலும் எழும்பாது.

பெயரில்லாத மொத்தச் சரக்கை விட, விளைந்த இடமும் தேதியும் போட்ட பொட்டலம் நல்லது. மூலிகை வயலில் களைகளும் வளரும். அறுவடையில் அவையும் சேர்ந்து வந்துவிட்டால் பிரச்சினை. சில களைச்செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற, கல்லீரலுக்குக் கெடுதலான நஞ்சு உண்டு. ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2013இல் கடைச் சரக்கைச் சோதித்தபோது மூலிகைத் தேநீர்களிலும் இதைக் கண்டது. ஒரு கோப்பையில் ஆபத்து என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரே கடையின் ஒரே மூலிகையை வருடக்கணக்கில் நாளும் குடிக்காமல் மாற்றி மாற்றிக் குடிப்பது புத்திசாலித்தனம்.

வழியில் பார்த்த செடியைப் பறித்துப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். காம்ஃப்ரே என்ற மூலிகை என்று நினைத்து, ஃபாக்ஸ்குளோவ் என்ற நச்சுச் செடியின் இலையைப் பறித்து டீ போட்டு, இதயத் துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. பூக்காதபோது இரண்டின் இலையும் ஒரே மாதிரி இருக்கும். அதில் காம்ஃப்ரேயும் உள்ளுக்குச் சாப்பிடத் தகுந்ததில்லை என்பது தனிக் கதை.

போடும் முறை

சரி, இப்போது அடுக்களைக்குப் போகலாம்.

அளவில் தொடங்குவோம். 200 மில்லி நீருக்கு 2 முதல் 3 கிராம் காய்ந்த கெமோமில். தராசு இருந்தால் முதல் இரண்டு தடவை நிறுத்துப் பாருங்கள், கண் பழகிவிடும். தராசு இல்லாவிட்டால் மேசைக்கரண்டியில் குவித்து இரண்டு. இவ்வளவா என்று தோன்றும். பூ பஞ்சு மாதிரி லேசானது. ஒரு தேக்கரண்டி போட்டால் கோப்பையில் நிறம்தான் வரும், ருசி வராது. லெமன் பாம் பச்சை இலை என்றால் ஒரு கைப்பிடி. கழுவி, உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள். இலையின் மேல் உள்ள வாசனைப் பைகள் உடைய அது போதும். கத்தியால் நறுக்கினால் நறுக்கிய இடம் கறுக்கும்.

அடுத்து நீர். நன்றாகக் கொதிக்கட்டும். கிரீன் டீக்குத்தான் 70, 80 டிகிரி என்ற கணக்கெல்லாம். கொதிநீர் பட்டால் அது கசந்துவிடும். மூலிகைக்குக் கொதித்த நீரையே ஊற்றலாம். ஆனால் பூவையும் இலையையும் போட்டு அடுப்பில் கொதிக்கவிடக் கூடாது. அடுப்பை அணைத்து, கோப்பையிலோ கெட்டிலிலோ பூவைப் போட்டு, அதன் மேல் நீரை ஊற்ற வேண்டும். பூக்கள் முதலில் மேலே மிதக்கும். ஒரு நிமிடத்தில் நீர் ஏறி ஒவ்வொன்றாக இறங்கும். ஒரு கரண்டியால் மெதுவாக அமுக்கிவிடுங்கள்.

உடனே மூடுங்கள். இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம், மூலிகையின் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு ஏறிப்போகிற ரகம். எண்ணெய் எடுக்கும் ஆலைகளில் செய்வதும் இதைத்தான்: ஆவியைச் செலுத்தி, அதோடு எண்ணெயைக் கிளப்பி, குளிர்வித்துப் பிடிக்கிறார்கள். கெமோமிலை அப்படிக் காய்ச்சினால் வரும் எண்ணெய் நல்ல நீல நிறம்! பூவில் நீலமே இல்லை. பூவிலுள்ள மெட்ரிசின் என்ற பொருள் சூட்டில் உடைந்து கமாசுலீன் ஆவதால் வரும் நிறம் அது. உங்கள் கோப்பையில் நீலம் எல்லாம் தெரியாது. ஆனால் மூடியின் அடியில் கோத்திருக்கும் துளிகளில் அந்தச் சரக்குதான் இருக்கிறது. மூடியைத் திறக்கும்போது சாய்த்து, துளிகளைத் திரும்பக் கோப்பைக்குள் வழியவிடுங்கள். சிலர் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பிறகு காத்திருப்பு. கெமோமிலுக்கு 7 முதல் 10 நிமிடம், லெமன் பாமுக்கும் அதே. பெப்பர்மின்டுக்கு 5 போதும். லாவெண்டர் கலந்திருந்தால் 5க்கு மேல் போகாதீர்கள். இந்த நேரத்தில் போனைக் கையில் எடுத்தால் பத்து நிமிடம் நாற்பதாகும், டீயும் கசந்து ஆறிப்போகும். நான் அடுக்களை டைமரை வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் நிற்கிறேன்.

வடிகட்டும்போது நெருக்கமான கண்ணுள்ள வடிகட்டி வேண்டும். கெமோமிலின் மஞ்சள் குமிழ் உதிர்ந்தால் நுண்ணிய தூளாகித் தொண்டையில் அறுக்கும். பூவை ஒரேயடியாகப் பிழியாதீர்கள். கசப்பு கடைசியில்தான் இறங்கும்.

உடனே குடிக்காமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானத்தையும், புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் 2016இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு சேர்த்தது. காரணம் பானம் இல்லை, சூடு. உதட்டில் வைத்ததும் இழுத்துக்கொள்ளும் சூடு என்றால் இன்னும் நேரம் இருக்கிறது.

வேர், பட்டை வகைகளுக்கு மட்டும் முறை வேறு. இஞ்சி, இலவங்கப்பட்டை போன்றவை கெட்டியானவை, ஊறவைத்தால் சாறு இறங்காது. அவற்றைக் குளிர்ந்த நீரில் போட்டு, மூடி, சிறு தீயில் 10 முதல் 15 நிமிடம் காய்ச்ச வேண்டும். கஷாயம் போடுகிற அதே முறை. இரண்டையும் கலக்க ஆசைப்பட்டால் முதலில் வேரைக் காய்ச்சி இறக்கி, அந்தச் சூட்டில் பூவைப் போட்டு மூடுங்கள். வலேரியன் மட்டும் வேராக இருந்தாலும் காய்ச்ச வேண்டாம், வெந்நீரில் கால் மணி நேரம் ஊறினால் போதும். காய்ச்சினால் அந்தக் காலுறை வாடை வீடு முழுக்க நிற்கும்.

கலப்பது, இனிப்பது

முதல் ஒரு வாரம் ஒரே மூலிகை. இதில் அவசரப்பட வேண்டாம். ஐந்து மூலிகையை முதல் நாளே கலந்து குடித்து, மறுநாள் உடம்பில் தடிப்பு வந்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் நாள் அரைக் கோப்பை மட்டும் குடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

அதற்குப் பிறகு கலக்கலாம். எனக்குப் பிடித்தது கெமோமில் இரண்டு பங்கு, லெமன் பாம் ஒரு பங்கு, மேலே லாவெண்டர் ஒரே ஒரு சிட்டிகை. வயிறு கனமாக இருக்கும் நாளில் லாவெண்டரை எடுத்துவிட்டுப் பெப்பர்மின்ட். குளிரில் இரண்டு வில்லை இஞ்சி. இதற்கு மேல் கலந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பச்சிலை ருசியாகிவிடுகிறது.

இனிப்பு வேண்டுமானால் தேன், ஆறியபிறகு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய, போட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் கிருமியின் வித்துகளைத் தாங்கும் திறன் அந்த வயதுக் குடலுக்கு இல்லை. இயற்கையாக இனிக்கிறதே என்று அதிமதுரத்தை நாளும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள கிளிசரைசின் தொடர்ந்து உள்ளே போனால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். எப்போதாவது ஒரு துண்டு என்றால் பரவாயில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

பால்? ஊற்றலாம், தடையில்லை. எனக்கு ருசிக்கவில்லை.

எப்போது குடிப்பது

படுக்கப் போவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்னால். படுக்கும் நேரத்தில் குடித்தால் இரண்டு மணிக்குக் கழிவறைக்கு எழுந்திருக்க வேண்டிவரும். அமைதிக்காகக் குடித்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். அதே காரணத்துக்காகத்தான் 200 மில்லி என்றேன். அரை லிட்டர் குவளை வேண்டாம்.

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேநீர் தடுக்கும் என்பது பலருக்குத் தெரியும், மூலிகையும் தடுக்கும் என்பது தெரியாது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் பெப்பர்மின்ட் இதில் சாதாரணத் தேநீருக்குச் சமமாகவே நின்றது. கெமோமில் ஏறத்தாழப் பாதி குறைத்தது. ரத்தசோகை உள்ளவர்களும், இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

யார் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்

இயற்கையானதுதானே, என்ன செய்துவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். வேலை செய்கிற பொருள் என்றால் தவறான இடத்திலும் வேலை செய்யும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொண்டிருந்த 70 வயதுப் பெண்மணி ஒருவர் சளிக்காகக் கெமோமில் டீயை நிறையக் குடித்து, அதன் களிம்பையும் தடவிக்கொண்டு, உள் ரத்தக்கசிவோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை 2006இல் கனடாவின் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கெமோமிலை மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக்கூடாது.

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, வலிப்பு மருந்து எடுப்பவர்களும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடலாம். மதுவோடும் சேர்க்க வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவர் சரி என்று சொன்னதை மட்டும் குடிக்கட்டும். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, குடித்துக்கொண்டிருந்ததை மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நாமாகவே சொல்ல வேண்டும்.

மன அமைதிக்கு என்று விற்கும் இரண்டு சரக்கை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. ஒன்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை. கல்லீரல் மருந்துகளை உடைக்கும் வேகத்தை இது கூட்டிவிடும். கருத்தடை மாத்திரை, உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் மருந்து எல்லாம் பலன் இழக்கும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் வேறு விதமான ஆபத்து. இரண்டாவது கவா வேர். அதைக் குடித்துக் கல்லீரல் கெட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, மனம் எதிலும் ஒட்டவில்லை என்றால் கோப்பையை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, மருத்துவரைப் பாருங்கள்.

ருசி சரியில்லை என்றால்

சப்பென்று இருந்தால் அளவு குறைவு, அல்லது சரக்கு பழசு. நேரத்தை நீட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பூவைக் கூட்டுங்கள். கசந்தால் நேரம் அதிகம், அல்லது பிழிந்துவிட்டீர்கள். நிறம் நன்றாக இருந்தும் வாசனை இல்லை என்றால், மூடவில்லை என்று அர்த்தம். மண் வாடை அடித்தால் பூவில் ஈரம் ஏறியிருக்கிறது. தூக்கி எறியுங்கள், காயவைத்து மீட்கப் பார்க்க வேண்டாம்.

எடுத்துவைப்பது

வீட்டில் வளர்த்த இலையைக் காயவைப்பதானால் நிழலில், காற்றோட்டத்தில், ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். வெயிலில் போட்டால் நிறமும் போகும், வாசனையும் போகும். கையில் எடுத்தால் இலை நொறுங்க வேண்டும், காம்பு வளையாமல் படக்கென்று முறிய வேண்டும். காம்பு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. டப்பாவில் போட்டு மூடினால் பத்து நாளில் பூசணம் பிடிக்கும். டப்பாவில் போட்டபின் முதல் வாரம் தினமும் ஒருமுறை பாருங்கள். உள்பக்கம் ஆவி கோத்திருந்தால் வெளியே கொட்டி மறுபடி காயவையுங்கள்.

கண்ணாடி ஜாடி பார்க்க அழகுதான், ஆனால் அலமாரிக்குள் இருட்டில் இருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே உள்ள தட்டு வேண்டாம், தினமும் சூடும் ஆவியும் ஏறும். பூவும் இலையும் ஒரு வருடம் தாங்கும், வேர் இரண்டு வருடம். போட்டு மீந்த தேநீரை வெளியே விடிய விடிய வைக்காமல் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள்.

ஜாடியில் மூலிகையின் பெயரும் வாங்கிய மாதமும் எழுதி ஒட்டிவிடுங்கள். காய்ந்தபின் லெமன் பாமும் பெப்பர்மின்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். நெஞ்செரிச்சல் உள்ள விருந்தாளிக்கு நான் மாற்றிப் போட்டுக் கொடுத்த அன்று ராத்திரி அவர் இரண்டு தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். மறுநாள் காலை முதல் வேலையாக நாலு ஜாடிக்கும் சீட்டு ஒட்டினேன்.